காலை பத்து மணிக்கு ஒன்பதாம் இரவு

கரீபியக் கடலின் செயின்ட் ஆல்பன் தீவில் செத்துப்போக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. செத்த பிறகு கிளம்பிப் போகத்தான் அனுமதி வேண்டும். இது இஸ்மே பிராஸ்பெருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவளுக்கு அதற்கு முன் அவசியமும் வரவில்லை.

அவள் புருஷன் காஸ்மஸ் முப்பத்தொரு வருஷம் மினிபஸ் ஓட்டியவன். பிப்ரவரியில் ஒரு மத்தியானம், சந்தைக்குப் போகிற வழியில், வண்டியை ஒழுங்காக ஓரங்கட்டி, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துச் செத்துப்போனான். பின்னால் உட்கார்ந்திருந்த பதினோரு பேரும் அவன் யாரையோ ஏற்றிக்கொள்ளக் காத்திருக்கிறான் என்று நினைத்தார்கள். கால் மணி நேரம் கழித்து மீன்காரி ஒருத்தி, "காஸ்மஸ், இங்கேயே எங்களைக் குடித்தனம் வைக்கப் போறியா?" என்று கத்திய பிறகுதான் விஷயம் தெரிந்தது.

அடக்கம் நல்லபடியாக முடிந்தது. இனி ஒன்பதாம் இரவு.

போன் ரெப்போ கிராமத்தில் செத்தவன் எட்டு நாள் வீட்டைவிட்டு நகர மாட்டான். ஒன்பதாம் இரவு ஊர் கூடிப் பாட்டுப் பாடி, டொமினோ அடித்து, ரம் குடித்து, உப்புப் போடாத சோறு ஒரு தட்டில் அவனுக்கென்று எடுத்து வைத்து, கடைசியில் அவன் படுத்த கட்டிலைத் தூக்கி எதிர்ச்சுவரில் போட்டுவிடுவார்கள். மெத்தையைப் புரட்டுவார்கள். நிலைக்கண்ணாடியைத் திருப்பி வைப்பார்கள். போனவன் மறுபடி எட்டிப் பார்த்தால் அறை அடையாளம் தெரியாது. "நம்ம வீடு இது இல்லை போல" என்று தன் வழியே போய்விடுவான். இதில் சோம்பல் கூடாது. ஜோசப் அகஸ்டின் வீட்டில் கட்டில் ரொம்பக் கனம் என்று நகர்த்தாமல் விட்டார்கள். இருபத்திரண்டு வருஷமாக அவர் அந்த அறையில் இருமிக்கொண்டிருக்கிறார். பேரன்கள் அந்த அறையை வாடகைக்கு விடும் எண்ணத்தையே விட்டுவிட்டார்கள்.

இஸ்மேக்குச் சிக்கல் எங்கே வந்தது என்றால், போன் ரெப்போ சாலை உல்லாசக் கப்பலில் சுற்றுலா வரும் விருந்தினர் போகும் சாலை. அந்தச் சாலையில் இருபது பேருக்கு மேல் கூடினால், மத்தளம் தட்டினால், அடுப்பை வெளியே வைத்தால், தேசியக் கடல்வழி விருந்தினர் அனுபவ மேம்பாட்டு ஆணையத்திடம் அனுமதி பெற வேண்டும். ஆணையம் துறைமுகத்தில் இளஞ்சிவப்புக் கட்டடத்தில் இருந்தது. தீவிலேயே குளிர்சாதனம் சரியாக வேலை செய்கிற ஒரே கட்டடம். மூன்றாம் எண் சன்னலில் ஒரு குமாஸ்தா, அவள் முகத்தைப் பார்க்காமலே படிவத்தை நிரப்பினான்.

"எத்தனை பேர் கூடுவாங்க?"

"ஊரே கூடும்."

"நிகழ்ச்சியோட நோக்கம்?"

"எம் புருஷனை அனுப்பி வைக்கணும்."

"எங்கே?"

இஸ்மே கொஞ்சம் யோசித்தாள். "அதை நாம முடிவு பண்ண முடியாதே தம்பி. அவர் இருந்தபோது நடந்துக்கிட்டதைப் பொறுத்தது."

குமாஸ்தா 'வெளிநாடு' என்று எழுதிக்கொண்டான். "புறப்படுற நேரம்?"

"நடுராத்திரி."

"நடுராத்திரியில எந்தக் கப்பலும் இல்லையே."

அப்போதுதான் உள்ளறைக் கதவு திறந்து, இயக்குநர் எவரார்ட் கிட்டன்ஸ் வெளியே வந்தார். முழுக்கை கோட்டு, கழுத்துப் பட்டை, அதன்மேல் சின்னதாக ஒரு தங்கக் கப்பல். "அனுப்பி வைக்கிறதுன்னா என்ன?" என்று கேட்டார். இஸ்மே சொன்னாள். கட்டில் நகர்த்துகிற கட்டம் வந்ததும் அவர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவருக்கு ஒரு வருத்தம் இருந்தது. கப்பலிலிருந்து இறங்குகிறவர்களுக்கு ஆணையம் கொடுக்கும் கையேட்டின் பெயர் 'ஆறு மணி நேரத்தில் செய்ய வேண்டிய பன்னிரண்டு'. முதலாவது கோட்டை, இரண்டாவது கடற்கரை, மூன்றாவது அருவி, நான்காவது ரம் வடிக்கும் ஆலை என்று ஒழுங்காகப் போகும். ஏழாவது: 'உண்மையான தீவு வாழ்க்கையைக் காணுதல்'. கையேடு நாற்பதாயிரம் பிரதி அச்சான பிறகுதான் காட்டுவதற்கு உண்மையான தீவு வாழ்க்கை எதுவும் மிச்சமில்லை என்பது தெரியவந்தது. அதை வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் எல்லோரையும் மற்ற பதினோரு இடங்களில் வேலைக்கு எடுத்தாகிவிட்டது.

"அம்மா," என்றார் கிட்டன்ஸ், குரல் தழுதழுக்க, "உங்க துக்கத்துல ஆணையம் முழுசாப் பங்கெடுத்துக்குது. அனுமதி தரேன். மத்தளத்துக்கும் தரேன், அடுப்புக்கும் தரேன். ஒரே ஒரு சின்ன மாத்தம். ராத்திரி வேண்டாம். காலையில பத்து மணிக்கு வெச்சுக்கலாம்."

"ஒன்பதாம் இரவை காலையிலயா?"

"கறுப்புத் திரை நாங்க தரோம்."

அனுமதி இல்லாவிட்டால் மத்தளம் இல்லை, ஊர் இல்லை. அவள் தனியாகக் கட்டிலைத் தூக்கவும் முடியாது. கடவுளுக்கு நேரக் கணக்கு இருக்காது என்று இஸ்மே கையெழுத்துப் போட்டாள். நான்கு பக்கம் இருந்தது. அவள் படித்தது முதல் பக்கத்தின் மேலே இருந்த தங்கக் கப்பலை மட்டும்.

பக்கத்து வீட்டு மெர்ல் இதைக் கேட்டுக் கையைத் தட்டிச் சிரித்தாள். மெர்ல்தான் ஊரில் எல்லாத் துக்க வீட்டிலும் முன்பாட்டு எடுப்பவள். அழுகைக்கும் சிரிப்புக்கும் ஒரே தொண்டை. "உயிரோட இருந்தப்போ பத்து மணிக்கு முன்னாடி அவன் எழுந்ததே இல்லையேடி. செத்தப்புறமா எழுந்துக்கப் போறான்?"

ஆனால் காஸ்மஸ் எழுந்தான். அன்று சன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, இரண்டு பேருந்து நிறையப் பயணிகள் அரைக்கால் சட்டையோடு சுவரோரம் வரிசையாக நிற்க, மெர்ல் பாடினாள், ஊர் பின்பாட்டுப் பாடியது. இஸ்மே வெள்ளை உடுத்தி வாசற்படியில் நின்று, "கிளம்பு காஸ்மஸ். இங்கே உனக்கு வேலை முடிஞ்சுது" என்று சொன்னாள். நான்கு ஆண்கள் கட்டிலைத் தூக்கி எதிர்ச்சுவரில் போட்டார்கள். அந்த நிமிஷம் வீட்டுக்குள் ஒரு காற்று எழுந்து, அவள் காதோரம் உரசிக்கொண்டு, படியிறங்கிப் போனது. மெர்லுக்கும் அது தெரிந்தது. பாட்டை நிறுத்தாமல் தலையை மட்டும் ஆட்டினாள்.

முடிந்தது. அங்கேயே முடிந்திருக்கும்.

"ஒரு நிமிஷம்!" என்று கத்திக்கொண்டு ஆணையத்தின் புகைப்படக்காரன் உள்ளே ஓடிவந்தான். அவன் வந்த பேருந்து அருவிப் பக்கம் மாட்டிக்கொண்டதால் தாமதம். "கையேட்டுக்குப் படம் வேணுமே. கட்டிலைப் பழைய இடத்துல போடுங்க. அஞ்சே நிமிஷம்." நான்கு ஆண்களுக்கும் ஆணையத்தின் ரம் ஏற்கெனவே உள்ளே போயிருந்தது. தூக்கிப் பழைய இடத்திலேயே போட்டார்கள். படம் எடுத்தாகிவிட்டது. கப்பல் கிளம்ப நேரமாகிவிட்டதென்று எல்லோரும் ஏறிப் போனார்கள். கட்டிலை மறுபடி நகர்த்த யாருக்கும் ஞாபகமில்லை.

ஒன்றரை மணிக்கு மூன்றாம் படி கிறீச்சிட்டது. அதை மிதித்துக் கிறீச்சிட வைக்கிற பாதம் ஒன்றுதான். இஸ்மே அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். காஸ்மஸ் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான்.

"என்ன டூடூ இது?" என்றான். கல்யாணமான நாளிலிருந்து அவளை அப்படித்தான் கூப்பிடுவான். "போ போன்னு பாட்டுப் பாடி அனுப்புறீங்க. வளைவு தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தா கட்டில் பழைய இடத்துலயே கிடக்கு. ஒரு முடிவுக்கு வாங்க."

இஸ்மே தலையில் கை வைத்துக்கொண்டாள்.

நான்கு ஆட்களைத் திரட்ட அவள் வெளியே கிளம்பும்போதே ஆணையத்தின் வண்டி வாசலில் நின்றது. இறங்கியவள் ஷெர்மா டெலிமாக், தர ஆய்வாளர். இருபத்தாறு வயது, கையில் அளவு நாடா, அச்சின் சூடு ஆறாத புகைப்படம் ஒன்று. அவள் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே அளந்தாள். கண்ணாடியை அளந்தாள். காஸ்மஸ் உட்கார்ந்திருந்த இடத்தில் நாடாவை அவன் மடிக்குக் குறுக்கே நீட்டி அளந்தாள். அவன் மரியாதைக்குக் காலை ஒதுக்கிக்கொண்டான்.

"அத்தை, கட்டிலை இனிமே நகர்த்தக் கூடாது. நிகழ்ச்சியில மட்டும் நகர்த்தலாம். முடிஞ்சதும் எங்க ஆளுங்க பழையபடி போட்டுடுவாங்க. மூணாம் பக்கம், எட்டாவது நிபந்தனை: வீடு படத்துல இருக்கற மாதிரியே இருக்கணும். வர்றவங்க படத்தைப் பார்த்துட்டுத்தானே வர்றாங்க? படம் மாதிரி இல்லேன்னா ஏமாந்த மாதிரி நெனைப்பாங்க."

"நிகழ்ச்சி முடிஞ்சு போச்சேம்மா."

"சீசன் இப்பத்தானே ஆரம்பம்? செவ்வாய், வியாழன், சனி."

அப்படியாக காஸ்மஸ் பிராஸ்பெர் வாரத்துக்கு மூன்று முறை இந்த உலகத்தை விட்டுப் பிரிந்தான். பத்து நாற்பதுக்குப் போவான். கட்டிலைப் பழைய இடத்தில் போட்டதும், ஒன்றரைக்குத் திரும்புவான். மினிபஸ் ஓட்டியவன், நேரம் தவற மாட்டான். முதல் வாரங்களில் அவனுக்கு எரிச்சலாவது இருந்தது. நாக்கைச் சப்புக்கொட்டுவான். "அந்த மத்தளக்காரனுக்குத் தாளமே வரலை" என்பான். அப்புறம் எரிச்சலும் குறைந்தது.

கருத்துச் சீட்டுகள் வரத் தொடங்கின. பயணிகள் திரும்பக் கப்பல் ஏறுமுன் நிரப்பித் தர வேண்டிய சீட்டு. ஷெர்மா வியாழக்கிழமைகளில் வந்து இஸ்மேயின் சமையலறை மேசையில் அவற்றைப் பரப்பி வாசித்துக் காட்டுவாள்.

"'விதவை வெள்ளை உடுத்தியிருந்தார், கல்யாணமோ என்று குழம்பினோம்.' கறுப்பு வேணும் அத்தை. லேஸ் வெச்சுத் தைச்சிட்டு வந்திருக்கோம். 'விதவை போதுமான சோகத்தோடு இல்லை. இதற்கு முந்தைய துறைமுகத்தில் பார்த்த விதவை நன்றாகச் செய்தார்.'"

"அவ புருஷன் எப்ப செத்தானாம்?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மெர்ல்.

"அவங்களுக்குப் புருஷனே இல்லை அத்தை. பயிற்சி எடுத்தவங்க." ஷெர்மா அடுத்த சீட்டை எடுத்தாள். "'உணவு சப்பென்று இருந்தது.'"

இஸ்மே நிமிர்ந்தாள். "அது அவருக்கு வெச்ச தட்டு. வந்தவங்கள்ல யாரு அதைத் தின்னது?"

"ருசி பார்க்கணும்னு ஆசைப்படறாங்க. இனிமே உப்புப் போடுங்க."

"செத்தவங்களுக்கு உப்புப் போட்டா அவங்க எழும்பிப் போக முடியாதும்மா. உடம்பு கனத்துடும். இங்கேயே கிடக்க வேண்டியதுதான்."

ஷெர்மா இதை மிகுந்த அக்கறையோடு குறித்துக்கொண்டாள். மறுவாரம் கறுப்புத் திரைக்குப் பக்கத்தில் ஒரு பலகை மாட்டப்பட்டது: 'செத்தவர்களுக்கு உப்பு ஆகாது என்பது தீவின் அழகிய நம்பிக்கை.' அதற்குக் கீழேயே சோற்றுத் தட்டும், தொட்டுக்கொள்ள உப்புக் கருவாடும்.

அந்த வாரத்திலிருந்து காஸ்மஸ் திரும்பி வரும்போது படியில் சத்தம் கனமாகக் கேட்டது. ஒவ்வொரு முறையும் வழியில் எதையோ தவறவிட்டுவிட்டு வந்தான். முதலில் பேருந்து நிறுத்தங்களின் பெயர்கள் போயின. முப்பத்தொரு வருஷம் ஓட்டிய பாதை, தேவாலயத்துக்கு அப்புறம் என்ன என்று அவளிடம் கேட்டான். பிறகு டொமினோ போயிற்று. கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு புள்ளிகளைத் தடவிப் பார்த்தான். டொரன்டோவில் இருக்கும் மகனின் பெயரை ஒருநாள் அவள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. "ஆமா, ஆமா, கெல்வின்" என்றான், யாரோ அறிமுகப்படுத்தி வைத்ததைப் போல.

"அவரை இழுத்து இழுத்துக் கிழிக்கிறாங்க மெர்ல்," என்றாள் இஸ்மே. "துவைச்சுத் துவைச்சுச் சாயம் போன சட்டை மாதிரி ஆயிட்டு வர்றாரு. ஒருநாள் எதுவும் மிச்சமில்லாம இங்கே உட்கார்ந்திருப்பாரு. அப்ப அவருக்குப் போகணும்னுகூடத் தோணாது."

மெர்ல் இதற்குச் சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை கப்பல் இல்லை," என்றாள். "எல்லாரும் கோயில்ல இருப்பாங்க. நீயும் நானுமாத் தள்ளிடலாம்."

ஞாயிறு காலை, ஊர் தேவாலயத்தில் பாடிக்கொண்டிருந்தபோது, இரண்டு பெண்களும் கட்டிலை அங்குலம் அங்குலமாக எதிர்ச்சுவருக்குத் தள்ளினார்கள். காஸ்மஸ் எழுந்து நின்று, உதவ முடியாத சங்கடத்தோடு, "மெல்ல, மெல்ல, முதுகு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். கட்டில் சுவரைத் தொட்டதும் அவன் முகம் தெளிந்தது. தொப்பியைப் போட்டுக்கொண்டான். வாசலை நோக்கி ஓரடி எடுத்து வைத்தான்.

வாசலில் ஷெர்மா நின்றிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் முன்னறிவிப்பில்லாத ஆய்வு, நான்காம் பக்கம், பதினாறாவது நிபந்தனை. அவள் கோபப்படவில்லை. நாடாவை மட்டும் எடுத்தாள். அரை மணி நேரத்தில் ஆணையத்திலிருந்து இரண்டு ஆட்கள் வந்து கட்டிலைப் பழைய இடத்தில் வைத்து, நான்கு காலுக்கும் தரையோடு சேர்த்து போல்ட் முடுக்கிவிட்டுப் போனார்கள். நிகழ்ச்சிக்கு எதிர்ச்சுவரில் ஒரு அட்டைக் கட்டில் நிறுத்தப்பட்டது. முன்னால் பஞ்சு, பின்னால் ஒன்றுமில்லை.

இஸ்மே கறுப்பு லேஸ் உடையிலேயே இளஞ்சிவப்புக் கட்டடத்துக்குப் போனாள்.

"ஒரே ஒரு நாள் சார். ஒருநாள் கட்டில் அந்தப் பக்கம் கிடந்தாப் போதும். அவர் போயிடுவாரு. அப்புறம் நீங்க எப்படி வேணா போட்டுக்கங்க."

கிட்டன்ஸ் அவளுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். "அம்மா, அறைக்கலன் இடமாத்தக் குழுன்னு ஒண்ணு இருக்கு. சீசன் முடிஞ்சதும் கூடும்."

"சீசன் எப்ப முடியும்?"

"முன்னே ஏப்ரல்ல முடியும். இப்ப வருஷம் பூரா ஆக்கிட்டோம்." அவர் பெருமையை அடக்கிக்கொண்டார். "கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அவர் நிஜமாவே போயிட்டா ஏழாம் எண் என்ன ஆகும்?"

"எட்டை ஏழாக்கிக்கலாமே."

இயக்குநர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "எட்டு எட்டுதாம்மா. அச்சடிச்சாச்சு."

அந்த மாதமே காஸ்மஸுக்குச் சான்றிதழ் வந்தது. 'அங்கீகரிக்கப்பட்ட ஆவி, இரண்டாம் தரம்'. பொருள்களை நகர்த்தினால்தான் முதல் தரம். பத்து முப்பத்தைந்துக்கு மேசையிலிருந்து ஒரு கோப்பையைத் தள்ளிவிட முடியுமா என்று கேட்டார்கள். இஸ்மே அவனிடம் சொன்னாள். "கோப்பையை எதுக்கு உடைக்கணும்?" என்றான் அவன். ஆகவே ஆணையம் கப்பல்துறை உணவகத்திலிருந்து ஒரு பரிமாறுபவனை அழைத்துவந்து, முகத்தில் மாவு பூசி, திரைக்குப் பின்னால் நிறுத்தியது. அவன் கோப்பையைத் தள்ளினான். காஸ்மஸ் அவன் பக்கத்தில் நின்று, சிதறும் சில்லு படாமல் இருக்கக் காலை நகர்த்திக்கொண்டான்.

சான்றிதழை வாசலில் மாட்டும் விழாவில் இயக்குநர் பேசினார். சாலையில் நாற்காலி போட்டு ஊரையே உட்கார வைத்திருந்தார்கள். ஒன்பதாம் இரவுக்கு அனுமதி தராத அளவு கூட்டம்.

"அன்பானவர்களே! நம்ம தீவோட பயன்படுத்தப்படாத மிகப் பெரிய வளம் எது? கடலா? அதை வித்தாச்சு. கரையா? அதையும் வித்தாச்சு. நான் ராத்திரி பகலா யோசிச்சேன். நம்மகிட்ட மிச்சம் இருக்கறது நம்ம செத்தவங்க! உயிரோட இருக்கறவங்க என்ன பண்றாங்க? படிச்சு முடிச்சதும் மயாமிக்கும் டொரன்டோவுக்கும் ஓடிடறாங்க. செத்தவங்க ஓடறாங்களா? இங்கேயே இருக்காங்க. சம்பளம் கேக்கறதில்லை. சங்கம் வைக்கறதில்லை. வாக்காளர் பட்டியல்லகூட அவங்க என்னிக்கும் நமக்கு உறுதுணையா இருந்திருக்காங்க." இங்கே விழாவுக்கு வந்திருந்த அமைச்சர் லேசாக இருமினார். "அஞ்சு வருஷத்துக்குள்ள இந்தத் தீவுல ஒரு ஆத்மாகூட வேலையில்லாம இருக்கக் கூடாது. அது இந்த ஆணையத்தோட சபதம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். ஜோசப் அகஸ்டினின் பேரன்கள் ரொம்ப நேரம் தட்டினார்கள். அவர்கள் தாத்தாவுக்கும் சான்றிதழ் கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தார்கள். மெர்ல் மட்டும் இஸ்மேயின் காதில், "இந்த ஆளு பேசறதைக் கேட்டா, நம்மில யார் செத்ததுன்னு சந்தேகமா இருக்குடி" என்றாள். இஸ்மே தெருவைப் பார்த்தாள். எதிரே மூடிக் கிடந்த கடைகள், கப்பல் இல்லாத நாளில் திறக்காத சன்னல்கள், நாற்காலிகளில் அசையாமல் உட்கார்ந்து கப்பலின் ஊதலுக்குக் காத்திருக்கும் சனங்கள். காஸ்மஸ் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தான். அங்கிருந்தவர்களில் அவனைத் தனியாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை இரண்டு பெருங்கப்பல்கள் ஒரே நாளில் வந்தன. கப்பல் நிறுவனத்திலிருந்து முதல் தரத்துக்கு ஆய்வு செய்ய மூன்று பேர். ஆணையம் எதையும் தற்செயலுக்கு விடவில்லை. இஸ்மேயின் சொந்த முடி விதவைக்குரியதாக இல்லை என்று நரைத்த பொய்முடி வைத்தார்கள். கன்னத்தை ஒட்டிக் காட்ட ஏதோ பூசினார்கள். முகத்திரை போட்டார்கள். அவள் அழுகை போதவில்லை என்பதால், பயிற்சி பெற்ற விதவையின் அழுகையைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் வைத்தார்கள். பத்து நாற்பதுக்கு இஸ்மே வாயைத் திறந்தால் போதும். அவள் சொல்ல வேண்டிய வசனமும் மாறியிருந்தது: 'பறந்து செல், என் அன்பே, கரீபியக் காற்றைப் போல.'

கண்ணாடி சுவரைப் பார்த்துத் திரும்பி இருந்ததால் அவள் தன்னைப் பார்க்கவில்லை. மெர்ல் பார்த்தாள். முன்பாட்டுக்கு வாயைத் திறந்தவள் ஒருகணம் நிறுத்தி, "யாரும்மா நீ?" என்றாள். விளையாட்டாகத்தான். ஆனால் குரலில் விளையாட்டு இல்லை.

பத்து நாற்பதுக்கு முன்பே காஸ்மஸ் எங்கேயோ வெளியே போயிருந்தான். இப்போதெல்லாம் அப்படித்தான், அனுப்புவதற்கு முன்பே போய்விட்டு, வரச் சொல்வதற்கு முன்பே வந்து நிற்பான். மத்தளம் தொடங்கியது. ஒலிபெருக்கி விம்மியது. அறுபது பேர் கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அப்போது மூன்றாம் படி கிறீச்சிட்டது.

அவன் வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை. கட்டிலைப் பார்த்தான், மேசையைப் பார்த்தான், சான்றிதழைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். தொப்பியை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டான்.

"மன்னிக்கணும் மேடம்," என்றான். "வீடு தவறி வந்துட்டேன் போல இருக்கு."

இஸ்மேயின் வாய் திறந்தே இருந்தது. ஒலிபெருக்கி அவளுக்காக அழுதது.

"எங்க வீடும் அச்சா இப்படியேதான் இருக்கும்," என்றான் காஸ்மஸ், அந்நியரிடம் பேசுகிற மரியாதையோடு. "கட்டில்கூட இதே சுவர்லதான். அதான் ஏமாந்துட்டேன். நீங்க துக்கத்துல இருக்கீங்க, தொந்தரவு பண்ணிட்டேன்." போகத் திரும்பியவன் நின்றான். "ஒண்ணு கேக்கலாமா? இஸ்மேன்னு ஒருத்தி. இந்தப் பக்கம்தான். வாய் கொஞ்சம் நீளம், நடந்தா தெருவே அதிரும். மனசு தங்கம். உங்களுக்குத் தெரியுமா?"

நான்தான் என்று சொன்னால் போதும். ஒரு வார்த்தை. முகத்திரையைத் தூக்கினால் போதும். அவன் டூடூ என்பான், உள்ளே வந்து அந்த முடுக்கி வைத்த கட்டிலில் உட்காருவான். செவ்வாய், வியாழன், சனி. அவளைத் தேட வேண்டும் என்பதும் மறந்து போகிற வரை.

"அப்படி யாரும் இங்கே இல்லீங்க," என்றாள் இஸ்மே.

அவன் முகம் வாடியது. "எங்கே போனாள்னு ஏதாவது..."

"காலி பண்ணிட்டுப் போயி ரொம்ப நாள் ஆச்சுன்னு சொல்லிக்கிட்டாங்க. அந்தப் பக்கம்." அவள் வாசலுக்கு வெளியே, சாலை வளைவைத் தாண்டி, கடலைத் தாண்டிக் கையைக் காட்டினாள். "நேராப் போங்க. வழியில யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காதீங்க. அங்கே போயிக் காத்திருங்க. வருவா."

"வருவாளா?"

"வராம எங்கே போவா?"

"ரொம்ப நன்றி மேடம். உங்களுக்கு நல்ல மனசு." அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு படியிறங்கினான்.

அறுபது பேரும் கைதட்டினார்கள். ஆய்வு செய்ய வந்த மூன்று பேரில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். ஷெர்மா குறிப்பேட்டில் எழுதினாள்: 'விதவை காலி வாசலோடு பேசுதல், வசனத்தில் இல்லை, ஒன்றரை நிமிடம் அதிகம், வரவேற்பு மிக நன்று.' கிட்டன்ஸ் இஸ்மேயின் தோளுக்குப் பின்னால் குனிந்து, "அற்புதம்மா, அற்புதம்! பதினொன்றரைக் காட்சியிலயும் இதையே சொல்லிடுங்க. வார்த்தை மாறாம," என்று கிசுகிசுத்தார்.

இஸ்மேயின் காதில் அது விழவில்லை. கைதட்டலுக்கும் மத்தளத்துக்கும் அந்தப் பக்கம் அவள் கேட்டது வெளி கேட்டின் தாழ்ப்பாள் சத்தம். முப்பத்தொரு வருஷமாக, ஆடு உள்ளே வருது, சாத்திட்டுப் போ என்று அவள் தினம் கத்தியும் ஒருநாள்கூடச் சாத்தாத கேட்டை, காஸ்மஸ் அன்றைக்கு, அடுத்தவர் வீடு என்பதால், மெல்லச் சாத்திவிட்டுப் போனான்.